தாத்தாவின் டிரங்குப் பெட்டி: பங்கிடுவதா, படமெடுப்பதா, வீட்டில் வைப்பதா, நூலகத்துக்குக் கொடுப்பதா?

தை மாதக் கடைசியில் எங்கள் ஊர் வீட்டின் சாவியை, அதை வாங்கியவரிடம் ஒப்படைக்க வேண்டும். பித்தளைப் பாத்திரங்களும் ஊஞ்சல் பலகையும் யார் யாருக்கு என்பதை ஒரே மாலையில் பேசி முடித்துவிட்டோம். மாடி அறையில் இருக்கும் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைப் பற்றி மட்டும் நான்கு மாதங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அதில் நகையும் இல்லை, நிலப் பத்திரமும் இல்லை. நாட்குறிப்புகள் 31, கம்பியில் குத்திவைத்த கடிதக் கட்டுகள் ஏழு, அத்தை பள்ளி நாள்களில் ஒட்டத் தொடங்கிய செய்தித்தாள் துணுக்கு நோட்டுகள் மூன்று, மொய் நோட்டுகள் இரண்டு, வீட்டார் அனைவரின் சாதகங்களையும் எழுதிவைத்த நீள நோட்டு ஒன்று ஆகியவையே உள்ளன. ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக்கொள்ளலாம் என்றார் சித்தப்பா மகன். எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டு தாள்களைக் கழித்துவிடலாம் என்றார் சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன். ஒரே வீட்டில் ஒன்றாக வைக்க வேண்டும் என்றாள் தங்கை. நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று சொன்னவன் நான். இந்த நான்கையும், பேச்சின் நடுவே தோன்றிய ஐந்தாவது வழியையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். ஊர் வீட்டை விற்கும் ஒவ்வொரு குடும்பமும் இப்படியொரு பெட்டியின் முன் ஒருநாள் நிற்க நேர்கிறது.

வழிகளை எடைபோடுவதற்கு முன், பெட்டியில் இருப்பது என்ன என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். எல்லாம் ‘பழைய தாள்’ என்று ஒரே பெயரில் அடங்கினாலும், அவை அழியும் விதம் ஒன்றல்ல. தாத்தா பர்மாவின் இரங்கூனில் மொகல் தெருவில் செட்டியார் ஒருவரின் வட்டிக்கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். 1938ஆம் ஆண்டிலிருந்து 1971 வரை நாட்குறிப்பு எழுதினார். இடையில் 1943, 1944, 1945 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு உரியவை மட்டும் இல்லை. தொடக்க கால நாட்குறிப்புகளை அவர் காப்பியிங் பென்சிலால் எழுதியிருக்கிறார். அந்தப் பென்சிலின் கரியில் சாயம் கலந்திருக்கும். ஈரம் பட்டால் ஊதாவாகிக் கசியும். 1942ஆம் ஆண்டு நாட்குறிப்பின் பல பக்கங்கள் ஊதாக் கறையாகவே இருப்பதற்கு, அதை மடியில் கட்டிக்கொண்டு பர்மா எல்லையிலுள்ள தமு வழியாக மணிப்பூருக்கு அவர் நடந்துவந்ததே காரணம். எனவே அந்த நோட்டை ஈரத்துணியால் துடைப்பதும் பசைபோட்டு ஒட்டுவதும் எஞ்சிய எழுத்தையும் அழித்துவிடும்.

கடிதங்களின் சிக்கல் வேறு. அக்காலத்தில் வந்த கடிதங்களைத் தூணருகே தொங்கும் கம்பியில் குத்திவைப்பது வழக்கம் என்பதால், ஒவ்வொரு கடிதத்தின் நடுவிலும் ஒரு துளையும் அதைச் சுற்றித் துருக்கறையும் இருக்கின்றன. அஞ்சலட்டைகள் தடித்த தாள் என்பதால் நன்றாகவே இருக்கின்றன. 1950இல் அறிமுகமான இன்லண்டு லெட்டர்கள் மெல்லிய தாளில் ஆனவை. மூன்று மடிப்பிலும் விண்டு, எடுத்தவுடன் கையில் துண்டுகளாக வருகின்றன. இடம் போதாமல் ஓரமடிப்பில் குறுக்கே எழுதிய கடைசி வரிகள், கடிதத்தைக் கிழித்துத் திறந்தபோதே பாதி போய்விட்டன. தபால்தலை சேர்க்கும் ஆசையில் நாங்கள் சிறுவயதில் வெட்டியெடுத்த இடங்களில் அஞ்சல் முத்திரையும் போயிருக்கிறது. அதோடு அந்தக் கடிதத்தின் தேதியும் போய்விட்டது என்பது இப்போதுதான் எங்களுக்கு உறைக்கிறது.

துணுக்கு நோட்டுகள்தாம் மிக வேகமாக அழிபவை. செய்தித்தாள் மரக்கூழில் ஆனது. அதில் உள்ள அமிலமே அதைப் பழுப்பாக்கி நொறுக்கும், எதிர்ப்பக்கத்திலும் தன் நிழலைப் படியவைக்கும். அத்தை மைதாப் பசையால் ஒட்டியிருக்கிறார். பசை ஒட்டிய இடங்களையெல்லாம் பூச்சி வரிவரியாகத் தின்றிருக்கிறது.

தேதி என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1960க்கு முற்பட்ட கடிதங்களில் பெரும்பாலானவை ‘உ’ என்ற பிள்ளையார் சுழியின் கீழே தமிழ் ஆண்டும் மாதமும் நாளும் இட்டவை. ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳, ரூபாய்க்கு ௹, ‘மேற்படி’க்கு ௸ என்ற குறிகளை எங்கள் தலைமுறையில் படிக்கத் தெரிந்தவர் எவருமில்லை. ‘விஷு ௵ மார்கழி ௴’ என்றால் அது 1941 டிசம்பராகவும் இருக்கலாம், அறுபது ஆண்டு முந்தைய 1881 ஆகவும் இருக்கலாம். எழுதியவர் யார் என்பதும் அஞ்சல் முத்திரையும்தான் முடிவுசெய்யும். இரண்டாம் உலகப்போரில் இரங்கூன் மீது ஜப்பானியரின் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23ஆம் நாள். நகரம் அவர்களிடம் வீழ்ந்தது 1942 மார்ச் 8ஆம் நாள். இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே தாத்தாவுக்கும் பாட்டிக்கும் இடையே போன கடிதங்கள் எவை என்று வரிசைப்படுத்த முடிந்தால், எங்கள் குடும்பத்தின் மிகக் கொடிய மூன்று மாதங்கள் ஒழுங்காகத் தெரியும். முடியாவிட்டால் அவை வெறும் நலம் விசாரிப்புகளாகவே நிற்கும்.

முதல் வழி பங்கிட்டுக்கொள்வது. இதில் ஒரு நியாயம் உண்டு. பாட்டனின் கையெழுத்து ஒவ்வொரு பேரப்பிள்ளையின் வீட்டிலும் இருக்க வேண்டும் என்பது ஆசையல்லாமல் பேராசை ஆகாது. ஆயினும் இந்த வழியை நாங்கள் விரைவில் கைவிட்டோம். நாட்குறிப்பும் கடிதமும் ஒன்றுக்கொன்று விடை சொல்பவை. 1953இல் சின்னத் தாத்தா எழுதிய கடிதத்தில், ‘தாங்கள் கேட்ட தொகை இப்போது ஆகாது’ என்று ஒரு வரி வருகிறது. எந்தத் தொகை, எதற்கு என்பது அந்த ஆண்டின் நாட்குறிப்பில்தான் இருக்கிறது. கிணறு வெட்டி நீர் காணாமல் பாதியில் நின்ற செய்தி அது. கடிதம் மதுரையிலும் நாட்குறிப்பு கோயம்புத்தூரிலும் இருந்தால் இரண்டும் ஊமையாகிவிடும். அதோடு, நான்கு வீடுகளில் நான்கு விதமான அக்கறை இருக்கும். ஒரு வீட்டில் அடுத்த வெள்ளையடிப்பின்போதே பரணிலிருந்து குப்பைக்குப் போய்விடும்.

பங்கிடுவதற்குச் சொல்லப்படும் வலுவான வாதம், ஓரிடத்தில் இருந்தால் ஒரே விபத்தில் எல்லாம் போய்விடும் என்பதாகும். அது பொய்யன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் ஒரே இரவில் சாம்பலாயின. வேறெங்கும் படி இல்லாதவை அன்றோடு உலகத்திலிருந்தே போயின. ஆனால், அந்த ஆபத்துக்கு மருந்து படியெடுத்துப் பல இடங்களில் வைப்பதேயன்றி, மூலத்தைத் துண்டு போடுவதன்று. பங்கிட்டால் ஒவ்வொரு துண்டும் தன் இடத்தில் ஒற்றைப்படியாகத்தான் இருக்கும்.

இரண்டாவது வழி, படமெடுத்துவிட்டுத் தாள்களைக் கழிப்பது. அண்ணனின் வாதம் நேரானது. அவருடைய அடுக்குமாடி வீட்டில் டிரங்குப் பெட்டிக்கு இடமில்லை. இந்தக் காலத்தில் எல்லாம் கணினியில்தானே இருக்கிறது என்றார். படமெடுக்க வேண்டும் என்பதில் எனக்கு எள்ளளவும் மறுப்பில்லை. அதை எப்படி எடுப்பது என்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். கைப்பேசியில் எடுத்து வாட்ஸப் குழுவில் படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் போய்ச் சேரும். பெரிதாக்கினால் ஊதா எழுத்து புகையாகத் தெரியும். அனுப்பியே ஆக வேண்டுமானால் கோப்பாக அனுப்ப வேண்டும். உதிரிக் கடிதங்களுக்குத் தட்டையான கண்ணாடி ஸ்கேனர் ஏற்றது; தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் ஸ்கேனரில் இன்லண்டு லெட்டரை விட்டால் இரண்டாகத்தான் வெளியே வரும். தைத்த நாட்குறிப்புகளை அழுத்தி விரித்தால் முதுகு முறியும் என்பதால், அவற்றை மேசையில் பாதி திறந்த நிலையில் இருபுறமும் துணிச்சுருள் வைத்துத் தாங்கி, சன்னலோர வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், மேலிருந்து எடுப்பதே நல்லது.

எங்கள் கணக்கையும் சொல்கிறேன். எழுதப்பட்ட நாட்குறிப்புப் பக்கங்கள் சுமார் 5,800. ஒரு விரிப்பில் இரண்டு பக்கம் என்றால் 2,900 படங்கள். நிமிடத்துக்கு இரண்டு வீதம் 24 மணி நேர வேலை. கடிதங்கள் 640, முன்னும் பின்னுமாக 1,280 பக்கங்கள், பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்றால் 43 மணி நேரம். ஆக 67 மணி நேரம். மூன்று பேர் விடுமுறை நாள்களில் உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். ஏ4 அளவுத் தாள் ஒன்றை அங்குலத்துக்கு 400 புள்ளி என்ற அளவில், வண்ணத்தில், சுருக்காத டிஃப் கோப்பாக எடுத்தால் ஏறத்தாழ 46 மெகாபைட் வரும். எங்கள் தாள்களில் பெரும்பாலானவை அதைவிடச் சிறியவை என்பதால் முழுப்பெட்டியும் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் பாதியைக்கூட நிரப்பாது. கோப்புக்குப் பெயரிடும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்களை முதலில் எழுதினால் அவை தாமாகவே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும். மூன்று படிகள், இரண்டு விதமான சேமிப்பு, அவற்றில் ஒன்று வேறு ஊரில் என்பது ஆவணக்காப்பாளர்கள் பின்பற்றும் கணக்கு. சிங்கப்பூரில் அண்ணன் இருப்பது இதற்கு மிகவும் வசதி.

இத்தனையும் செய்தபிறகும் தாளைக் கழிக்கக்கூடாது என்றே நான் சொல்வேன். இதை அனுபவத்தில் சொல்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் நானே ஐந்து நாட்குறிப்புகளை முழுவதுமாகப் படமெடுத்தேன். அந்தக் கைப்பேசி மறு ஆண்டு கெட்டது. படங்களை வேறிடத்தில் வைக்காதது என் தவறு. படங்கள் இன்று இல்லை, எண்பது ஆண்டைக் கடந்த நாட்குறிப்புகள் அதே பெட்டியில் இருக்கின்றன. ஹார்ட் டிஸ்க்கை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிதாக மாற்றிப் படியெடுத்தால்தான் அதை நம்பலாம். அதைச் செய்ய ஒருவர் தலைமுறைதோறும் வேண்டும். ஒரு பெட்டித் தாள் முப்பது ஆண்டு கவனிப்பாரின்றிக் கிடந்தாலும் ஓரளவு மிஞ்சும், கவனிப்பாரற்ற கணினிக் கோப்போ முழுவதுமாகப் போய்விடும். மேலும், பென்சில் அழுத்திய தடம், தாளின் நீர்க்குறி, கடிதத்துக்குள் மடித்து வைத்த திருநீற்றுப் பொட்டலத்தின் கறை ஆகியவை படத்தில் சரியாக வருவதில்லை.

மூன்றாவது வழி, தங்கை சொன்னபடி ஒரே வீட்டில் ஒன்றாக வைத்துக் காப்பது. நம்மிடையே மிகப் பழைய வழியும் இதுதான். இதன் வலிமையையும் குறையையும் ஒருசேரக் காட்ட ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைவிடச் சிறந்த சான்று கிடையாது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த அவர், 1736 முதல் 1761இல் தாம் இறக்கும்வரை எழுதிய குறிப்புகள் அவர் வீட்டாரிடமே தங்கிவிட்டன. 1846இல் கலுவா-மோம்பிரோன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு படியெடுக்கச் செய்தார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசு பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய வரலாற்றை எழுதுவோர் இன்றும் அதைத் தொடாமல் எழுத முடியாது. எண்பத்தைந்து ஆண்டு வீட்டில் இருந்ததால் அது பிழைத்தது. எண்பத்தைந்தாம் ஆண்டில் ஒருவர் வந்து படியெடுத்ததால் அது நமக்குக் கிடைத்தது. இரண்டில் ஒன்று தவறியிருந்தாலும் இன்று அதைப் பற்றிப் பேச எதுவும் இருந்திருக்காது. மறுபக்கத்தில், ஏட்டுச்சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட வீடுகளும் இருந்தன என்பதை உ.வே.சாமிநாதையர் வேதனையோடு பதிவுசெய்திருக்கிறார். அவற்றை ஆற்றில் விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். படிக்கத் தெரியாத ஏட்டை மரியாதையோடு வழியனுப்புவதாகவே அவர்கள் நினைத்திருப்பார்கள்.

வீட்டில் வைப்பதென்றால் எப்படி வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தாளுக்கு ஏற்ற ஈரப்பதம் நூற்றுக்கு 35 முதல் 50 வரை என்பார்கள். நம் கடற்கரை ஊர்களில் அது பல மாதங்கள் 70க்குமேல் இருக்கும். ஆகையால் வெளிச்சுவரை ஒட்டாமலும், மாடிக்கூரைக்குக் கீழே வெயில் இறங்கும் அறையில் இல்லாமலும், தரையிலிருந்து குறைந்தது இரண்டடி உயரத்திலும் வைக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் கட்டிலடியில் வைத்திருந்த சான்றிதழ்களையும் ஆல்பங்களையும் இழந்தவர்களிடம் கேட்டால் அந்த இரண்டடியின் அருமை தெரியும். மரப்பெட்டியைவிட இரும்பு பீரோ மேல், ஏனெனில் மரத்திலிருந்து வரும் ஆவியே தாளைப் பழுப்பாக்கும். அமிலமற்ற காகித உறைகளும் அட்டைப் பெட்டிகளும் இப்போது கிடைக்கின்றன. கிடைக்காவிட்டால் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுவதே போதும், பிளாஸ்டிக் பையில் கட்டுவது மட்டும் கூடாது. அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி ஆளுக்கும் நல்லதன்று. வசம்பைத் துணியில் முடிந்து பீரோவின் ஓரத்தில், தாளில் படாமல் வைக்கலாம். துருப்பிடித்த குண்டூசிகளையும் ரப்பர் வளையங்களையும் எடுத்துவிட வேண்டும். கிழிசலில் செலோடேப் ஒட்டுவதும் லேமினேஷன் செய்வதும் தீராத கேடு. பாசத்தோடு லேமினேஷன் செய்யப்பட்ட ஒரு கடிதத்தை உள்ளிருந்து சேதமின்றி மீட்பது மிக அரிது. ஆண்டுக்கு ஒருமுறை, சரசுவதி பூசையன்று, நம் முன்னோர் ஏடுகளை எடுத்துப் பார்த்ததுபோல் ஒவ்வொரு கட்டையும் திறந்து பார்ப்பது எந்த மருந்தையும்விட மேலானது. பூச்சி கண்ணில் படும் நேரம் அதுதான்.

இந்த வழியின் உண்மையான குறை, காப்பவர் ஒருவரே என்பதாகும். தங்கைக்குப் பிறகு யார் என்பதை இப்போதே எழுதிவைக்காவிட்டால், நாங்கள் இன்று விற்கும் வீட்டைப்போல அவள் வீட்டையும் ஒருநாள் காலிசெய்பவர்கள், இது என்னவென்று அறியாமல் எடைக்குப் போட்டுவிடுவார்கள்.

நான்காவது வழி என்னுடையது என்பதால் அதன் குறையை நானே முதலில் சொல்ல வேண்டும். எல்லாக் குடும்பத் தாள்களையும் எல்லா நூலகங்களும் ஏற்பதில்லை. ஏற்க வேண்டிய கடமையும் அவற்றுக்கு இல்லை. ஆனால் எளிய மனிதர்களின் தாள்களுக்கு மதிப்பில்லை என்று எண்ணித் தயங்குவது தவறு. கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் சேர்த்தவற்றில் நூல்களோடு திருமண அழைப்பிதழ்களும் நாடக நோட்டீசுகளும் துண்டறிக்கைகளும் இருந்தன. அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் பெற்று, 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அமைத்தது. மற்றவர்கள் கழித்துவிடும் தாளைத்தான் அவர் பொறுக்கி வைத்தார்; ஆராய்ச்சியாளர்கள் இன்று தேடிப் போவது அந்தத் தாளுக்காகத்தான். ஈழத்துத் தமிழ்பேசும் மக்களின் ஆவணங்களுக்கு, 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்தைத் தன்னார்வலர்கள் வளர்த்துவருகிறார்கள். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு அது பெரும் ஆறுதல். பிரித்தானிய நூலகத்தின் அழிவுநிலை ஆவணக்காப்புத் திட்டம் 2004 முதல் உலகெங்கும் செய்துவரும் பணியில் எனக்குப் பிடித்தது, படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மூலத்தை அந்தந்த நாட்டிலேயே விட்டுவிடும் ஒழுங்கு. தனிக்குடும்பங்கள் அதை நேரே அணுக முடியாது என்றாலும், மூலமும் படியும் வேறு வேறு கைகளில் இருக்கலாம் என்ற எண்ணத்தை நாங்கள் அங்கிருந்துதான் பெற்றோம்.

நூலகத்தை அணுகுமுன் வீட்டுக்குள் தீர்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று உரிமை. கடிதத்தின் தாள் பெற்றவருக்குச் சொந்தம், அதில் உள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் சொந்தம். எங்கள் பெட்டியில் இருக்கும் சின்னத் தாத்தாவின் கடிதங்களை வெளியிட அவர் பிள்ளைகளைக் கேட்காமல் நாங்கள் முடிவெடுக்க முடியாது. மற்றொன்று மானம் தொடர்பானது. கடன், சொத்துத் தகராறு, மனநோய், கைவிடப்பட்ட ஒரு திருமணம், இன்று உச்சரிக்கக் கூசும் சாதிச் சொற்கள் என்று எல்லாம் அந்தத் தாள்களில் இருக்கின்றன. குடும்பத்தின் பெருமையை மட்டும் பொறுக்கிக் கொடுத்தால் அது வரலாறாகாது. அனைத்தையும் உடனே திறந்துவிட்டால் உயிரோடு இருப்பவர் எவரேனும் புண்படுவார். குறிப்பிட்ட ஆண்டுவரை பார்வைக்குத் தராமல் மூடிவைக்கச் சொல்லிக் கொடுப்பது ஆவணக்காப்பகங்களில் உள்ள வழக்கம். கொடுப்பதாக இருந்தால் இந்த ஏற்பாட்டை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். நான் முதலில் ‘நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம்’ என்று சொன்னபோது இவற்றில் ஒன்றையும் யோசிக்கவில்லை. பொறுப்பை இறக்கிவைக்கும் ஆவலே அதில் கலந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்தாவது வழி, தட்டச்சு செய்து நூலாக்குவது. தங்கை மகளின் யோசனை இது. கணினியால் தேடிப் பார்க்கும் எழுத்தாக மாற்றினால்தான் இளையவர்கள் படிப்பார்கள் என்பது முற்றிலும் உண்மை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘லை’, ‘னை’, ‘ணா’, ‘றா’ வடிவங்களே அவர்களைத் தடுக்கி நிறுத்துகின்றன. ஆனால் ஒரு பக்கத்தைப் படித்துத் தட்டச்சிட எனக்கு இருபது நிமிடம் ஆகிறது. 5,800 பக்கங்களுக்கு 1,930 மணி நேரத்துக்குமேல் ஆகும். நாளுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினாலும் இரண்டரை ஆண்டைத் தாண்டும். ஆகவே முழுவதையும் இப்படிச் செய்வது எங்களால் ஆகாது. 1941, 1942 ஆகிய இரண்டு நாட்குறிப்புகளையும் அந்தக் காலக் கடிதங்களையும் மட்டும், தாத்தாவின் எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தாமல் தட்டச்சிடலாம். மற்றவற்றுக்கு ஆண்டு, ஊர், ஆள், செய்தி என்று ஒரு கட்டுக்கு ஒரு பக்க அட்டவணை போதும். நூலாக்கும்போது அழகுக்காக வரிகளைத் தொகுத்து மாற்றும் ஆசை வரும். அதற்கு இடங்கொடுத்தால் பேரன்கள் விரும்பும் ஒரு தாத்தாதான் மிஞ்சுவார்.

இந்த ஐந்தையும் தாளில் எழுதி ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அத்தையிடம் ஒரு கட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவருக்கு 84 வயது. மூன்று ஆண்டு நாட்குறிப்புகள் தொலைந்துவிட்டன என்று நாங்கள் பரணெல்லாம் தேடியதைச் சொன்னதும், “அது தொலையலைப்பா, எழுதவே இல்ல. நடந்து வந்தப்புறம் மூணு வருஷம் அப்பா பேனாவையே தொடலைன்னு ஆத்தா சொல்லும்” என்றார். ஒரு வெற்றிடத்துக்கு இப்படி ஒரு பொருள் இருக்கும் என்பதை எந்த ஸ்கேனரும் எங்களுக்குச் சொல்லியிருக்காது. கடிதங்களில் இறப்புச் செய்தி ஒன்றுகூட இல்லையே என்று கேட்டேன். இழவுக் கடிதத்தைப் படித்தவுடன் கிழித்துப் போட்டுவிட வேண்டும், வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்பது வழக்கமாயிற்றே என்றார். எங்கள் கட்டுகளில் எல்லோரும் பிறக்கிறார்கள், பூப்பெய்துகிறார்கள், மணக்கிறார்கள். ஒருவரும் சாவதில்லை என்பதற்குக் காரணம் அதுதான்.

பெயர்களின் சிக்கல் இன்னும் பெரியது. நம் கடிதங்களில் எவரும் பெயரிட்டு எழுதப்படுவதில்லை. ‘மாமா வந்து போனார்கள்’, ‘அத்தானிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்’, ‘பெரியவனுக்கு இடம் பார்க்கிறோம்’ என்றே வருகின்றன. எழுதியவர் யார், பெற்றவர் யார் என்பதைப் பொறுத்து ஒரே மனிதர் ஒரு கடிதத்தில் மாமாவாகவும் அடுத்ததில் மச்சானாகவும் மூன்றாவதில் தேவகோட்டையாராகவும் இருக்கிறார். அந்த முடிச்சுகளை அவிழ்க்கக்கூடியவர் எங்கள் குடும்பத்தில் அத்தை ஒருவரே. மொய் நோட்டை அவர் மடியில் வைத்தால், ஐந்து ரூபாய் எழுதியவர் எந்த வீட்டார், பத்து எழுதியவரோடு பின்னர் ஏன் பேச்சில்லாமல் போயிற்று என்பதெல்லாம் வருகிறது.

அதன்பின் எங்கள் ஒப்பீட்டின் வரிசையே மாறிவிட்டது. தாள்கள் பீரோவில் இன்னும் முப்பது ஆண்டு இருக்கும். ஹார்ட் டிஸ்க்கை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். நூலகமும் அங்கேயே இருக்கும். அத்தையின் நினைவுக்குத்தான் கெடு இருக்கிறது. ஆகவே எங்கள் முடிவு இப்படி அமைந்தது: முதலில், ஒவ்வொரு கடிதத்துக்கும் மென்மையான பென்சிலால் உறையின்மேல் எண்ணிட்டு, அதை அத்தையிடம் படித்துக்காட்டி, அவர் சொல்வதை ஒலிப்பதிவு செய்து, எண்ணுக்கு எதிரே குறிப்பு எழுதுவது. அதே வேளையில் படமெடுப்பது. ஒரு படி சிங்கப்பூருக்கும், ஒன்று கோயம்புத்தூருக்கும், ஒன்று என்னிடமும். மூலங்கள் அனைத்தும் பிரியாமல் தங்கை வீட்டு இரும்பு பீரோவுக்கு. அவளுக்குப் பின் அவள் மகள் என்று நால்வரும் கையெழுத்திட்ட தாள் ஒன்று பீரோவின் கதவுக்குள் ஒட்டப்படும். இரங்கூன் கால நாட்குறிப்புகளின் படங்களும் தட்டச்சும் முடிந்தபின், சின்னத் தாத்தாவின் பிள்ளைகள் ஒப்பினால், நூலகம் ஒன்றுக்கு மூடுகாலக் கட்டுப்பாட்டுடன் தருவோம். அண்ணன் சில நாள் தயங்கினார். மூலத்தைக் கழிக்க வேண்டாம் என்பதற்கு அவரை இணங்கவைத்தது என் வாதங்கள் அல்ல, அத்தையின் ஒலிப்பதிவில் அவர் கேட்ட பத்து நிமிடங்கள்.

சென்ற சனிக்கிழமை நான்காவது கட்டைத் தொடங்கினோம். 212ஆம் எண்ணிட்ட இன்லண்டு லெட்டரைப் பிரித்துப் படிக்கத் தொடங்கியதும் அத்தை கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். தாமே வாய்க்குள் படித்தார். மடித்து, தம் மருந்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அட்டவணையில் அந்த எண்ணுக்கு எதிரே ‘அத்தையிடம் உள்ளது, படமெடுக்கவில்லை’ என்று எழுதிவிட்டு 213ஐ எடுத்தோம்.